‘போதும்’ என்ற சொல்லும் நடுவில் உட்கார்ந்த தவளையும்

ஒரு காட்டில் ஓர் அணில் இருந்தது. காடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மனிதருடைய கல்லீரலில், ஒரே ஓர் உயிரணுவுக்குள் அடங்கிய காடு அது. வெளியிலிருந்து வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்குப் போதிய அளவு பெரிது. அலுவலகம்கூட இருந்தது.

அணிலின் பெயர் சடையன். அவனுக்கு வேலை படிப்பது.

காட்டின் நடுவில் ஒரு பாறை. காட்டுக்கு வேண்டிய எல்லாப் பொருள்களின் செய்முறையும் அதில் செதுக்கியிருந்தது. பாறையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால், வேண்டிய பகுதியை மட்டும் கிளிகள் ஒரு கொடியில் கீறி வெளியே அனுப்பும். கொடியில் ஓர் அணில் ஏறும். ஓர் ஆமை வந்து அதனோடு சேர்ந்துகொள்ளும். அணில் மும்மூன்று எழுத்தாகப் படிக்க, படித்ததற்கு ஏற்ற மணியை ஓர் எறும்பு முதுகில் சுமந்து வரும். ஆமை அதை வாங்கிச் சரத்தில் கோர்க்கும். பிறகு இருவரும் ஓர் அடி நகர்வார்கள். ஒரே கொடியில் இப்படிப் பல ஜோடிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதுண்டு.

கொடியின் தொடக்கத்தில் ‘வாங்க’ என்று எழுதியிருக்கும். அதைப் படித்ததும் அணிலும் ஆமையும் சேர வேண்டும். முடிவில் ‘போதும்’ என்று எழுதியிருக்கும். அதைப் படித்ததும் நண்டு மேஸ்திரி வந்து சரத்தை அறுத்துக்கொண்டு, இருவரையும் பிரித்துவிடுவார். அடுத்த கொடியில் யாருக்கு யார் வாய்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. பிரிந்தவர்கள் பொதுக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

படித்தவர்கள் அந்தச் சரத்தைப் புரதம் என்றும், சேர்ந்திருக்கும் அணிலையும் ஆமையையும் ரைபோசோம் என்றும் சொல்கிறார்கள். காட்டில் அப்படிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சடையனிடம் ஒரு குறை இருந்தது. அவன் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை படிப்பான். கொடியில் ‘மணல்’ என்று இருக்கும். ‘மணம்’ என்று முதுகில் எழுதிய எறும்பு வந்து நிற்கும். மற்ற அணில்கள் அதையே உள்ளே விட்டுவிடும்.

“கடைசி எழுத்துதானே, விடு” என்பார்கள்.

சடையன் விட மாட்டான். “மன்னிக்கணும், நீங்க இல்லைங்க” என்று மெல்லிய குரலில் சொல்லி எறும்பைத் திருப்பி அனுப்புவான். அவனோடு சேர்ந்த ஆமைகளுக்கு இது பிடிக்கவில்லை.

“படிக்கிறியா, மனப்பாடம் பண்றியா?” என்று ஓர் ஆமை கேட்டது.

“உன்கூடச் சேர்ந்ததுக்கு நான் முட்டையிலேயே இருந்திருக்கலாம்” என்றது இன்னொன்று.

சடையன் வாலை மட்டும் கொஞ்சம் சுருட்டிக்கொள்வான்.

ஒரு நாள், காட்டுக் கதவின் தாழ்ப்பாளுக்கான கொடி வந்தது. சடையன் ஏறினான். ‘வாங்க’ என்று படித்தான். வந்த ஆமையின் பெயர் காத்தாயி. அவளும் மெதுவானவள். அவன் முதல் சொல்லைப் படித்தான். திரும்பவும் படித்தான். வழக்கமான வசவுக்காகக் காத்திருந்தான். வசவு வரவில்லை.

“ஏன் நிறுத்திட்ட தம்பி?” என்றாள் காத்தாயி.

“நீங்க ஏதாவது சொல்வீங்கன்னு நின்னேன்க்கா.”

“நான் என்ன சொல்ல? நீ ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் எனக்குக் காதில் விழுது.”

சடையனுக்கு அப்படி ஒரு பதில் அதுவரை கிடைத்ததில்லை. இருவரும் நடந்தார்கள். அவன் படித்தான், திருப்பிப் படித்தான், அவள் கோர்த்தாள். இடையிடையே தன் ஓட்டில் எந்தப் பக்கம் அரிக்கிறது என்று சொல்வாள், அவன் வாலால் தேய்த்துவிடுவான். தாழ்ப்பாள் வளர்ந்துகொண்டே போனது. சடையனுக்கு முதல் முறையாகக் கொடியின் நீளம் குறைவாகப் பட்டது.

தூரத்தில் ‘போதும்’ தெரிந்தது.

“அக்கா” என்றான் சடையன்.

“பார்த்துட்டேன்.”

“இதுக்கப்புறம் எனக்கு யார் வருவாங்களோ.”

“எனக்கு மட்டும் என்ன, ‘சீக்கிரம் சீக்கிரம்’னு கத்தற ஒருத்தன்தான் வருவான்” என்றாள் காத்தாயி. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வெளியே நீட்டினாள். “நீ படி. பேச்சை நான் பார்த்துக்கறேன்.”

சடையன் ‘போதும்’ என்று படித்தான். மனசாட்சிக்காக இரண்டாம் முறையும் படித்தான். அந்தச் சொல்லுக்கு எந்த எறும்பும் வராது. நண்டு மேஸ்திரிதான் வந்தார், கொடுக்கைத் தீட்டிக்கொண்டே.

“நகருங்க. அறுக்கணும்.”

“எதுக்கு மேஸ்திரி?” என்றாள் காத்தாயி.

“போதும்னு எழுதியிருக்குல்ல?”

“எத்தனை தடவை எழுதியிருக்கு?”

மேஸ்திரி குனிந்து பார்த்தார். “ஒரு தடவை.”

“எந்த வீட்டு விருந்துல ஒரு தடவை போதும்னு சொன்னதுக்குக் கரண்டியை நிறுத்தியிருக்காங்க? அது மரியாதைக்குச் சொல்றது மேஸ்திரி. அதைக் கேட்டு நிறுத்தினா, அந்த வீட்டுல ரசம் தீர்ந்துபோச்சுன்னு ஊரே பேசும்.”

மேஸ்திரிக்கு இது நியாயமாகப் பட்டது. அவரும் பந்தியில் பரிமாறியவர்.

“இலையைக் கையால மறைச்சாங்களா?” என்று கேட்டார்.

“இங்க இலையே இல்லையே.”

“அப்ப போடுங்க. நல்லாப் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருவரும் ‘போதும்’ என்பதைத் தாண்டி நடந்தார்கள். அதற்குமுன் அந்தக் கொடியில் அதைத் தாண்டியவர்கள் இல்லை. அப்பால் சில அர்த்தமில்லாத எழுத்துகள் இருந்தன. அவற்றுக்கும் எறும்புகள் வந்தன. எறும்புகள் அர்த்தம் கேட்பதில்லை. தாழ்ப்பாளுக்கு ஒரு வால் முளைத்தது. அதன் பிறகு ‘அஅஅ’ என்று வந்தது. மறுபடியும் ‘அஅஅ’. கொடியின் நுனி பிய்ந்துபோகாமல் இருக்கக் கிளிகள் சும்மா கீறி வைத்த எழுத்துகள் அவை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான பிசின் மணி வந்தது. காத்தாயியின் வாயில் மணி ஒட்டிக்கொண்டது. சடையன் அடுத்த அடி வைக்கப் பார்த்தான். கொடி முடிந்திருந்தது.

“நின்னுட்டோம்க்கா.”

“நிக்கத்தானே தம்பி வந்தோம்” என்றாள் அவள், ஒட்டிய வாயோடு.

ஆனால் பின்னால் வந்த ஜோடி நிற்கவில்லை. முன்னால் போனவர்கள் தாண்டினார்களே என்று அவர்களும் ‘போதும்’ என்பதைத் தாண்டி வந்திருந்தார்கள். அவர்களுடைய ஆமை காத்தாயியின் ஓட்டில் மோதியது. டொக்.

“யோவ், நகருய்யா!”

“இடம் இல்லைங்க” என்றான் சடையன்.

அந்த ஜோடியின் பின்னால் இன்னொரு ஜோடி. டொக். அதன் பின்னால் இன்னொன்று. டொக்.

மரங்கொத்தி பறந்து வந்தது. அதுதான் அந்தக் காட்டுக்கு ஆய்வாளர்.

“இங்கே யார் முட்டியது?”

“சார், முன்னாடி இருக்கிறவங்க நின்னுட்டாங்க சார்” என்றது பின்னால் இருந்த ஆமை.

“நிற்பது விதிமீறல் இல்லை. நிற்பவர் நிற்கிறாரா, நிதானமாக நடக்கிறாரா என்று அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? முட்டினால்தான் தெரியும். நீதானே முட்டினாய்?”

“ஆமாம் சார், ஆனா...”

“முட்டியவர்கள் பிரிக” என்றது மரங்கொத்தி.

முட்டிய ஜோடிகள் எல்லாம் பிரிக்கப்பட்டன. சடையனும் காத்தாயியும் யாரையும் முட்டியிருக்கவில்லை. ஆகவே அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை.

மரங்கொத்தி அலுவலகத்துக்குப் பறந்தது. அங்கே தலைமை அதிகாரி எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, வரிசையாக முட்டுகிறார்கள். மணி தட்டுப்பாடு போலிருக்கிறது. பஞ்சம் வந்துவிட்டது.”

“களஞ்சியத்தில் மணி இருக்கிறதா என்று பார்த்தாயா?”

“களஞ்சியத்தைப் பார்க்க விதியில் இடமில்லை ஐயா. முட்டல்தான் அளவு.”

எருமை இன்னொரு முறை அசைபோட்டார். பிறகு உத்தரவு போட்டார். மறு உத்தரவு வரும்வரை காட்டில் எங்கும் ‘வாங்க’ கூடாது.

உத்தரவு கொடிகளுக்காகப் போட்டது. ஆனால் கொடிகளுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஆகவே வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தபோது வீட்டுக்காரர்கள் அவர்களை வாசலிலேயே நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டினார்கள். சம்பந்திகள் மூட்டை முடிச்சோடு வெயிலில் நின்றார்கள்.

புதிய சரம் எதுவும் தொடங்கவில்லை. பழையவை தேய்ந்துபோயின. சேமித்தது தீர்ந்தது. பஞ்சம் என்று அறிவித்துவிட்டதால், பஞ்சமும் கடைசியில் வந்து சேர்ந்தது. மரங்கொத்திக்கு நல்ல பெயர் கிடைத்தது.

அடுத்த உத்தரவு வந்தது. சும்மா இருக்கிற அணில்களையும் ஆமைகளையும் கரைப்புக் குளத்தில் போட்டுக் கரைத்து, வருகிற சத்தை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

கொடிதோறும் ‘போதும்’ வந்ததும் ஒழுங்காகப் பிரிந்து, அடுத்த வேலைக்குத் தயாராகப் பொதுக் கூட்டத்தில் நின்றவர்கள்தான் சும்மா இருந்தவர்கள். கொக்குகள் அவர்களைக் குளத்துக்கு அழைத்துப் போயின. வரிசை ஒழுங்காக இருந்தது. யாரும் யாரையும் முட்டவில்லை. ஆகவே அலுவலகத்தில் எந்தப் பிரச்சினையும் பதிவாகவில்லை.

கொடி நுனியிலிருந்து சடையன் இதைப் பார்த்தான். அவன் வால் தானாகச் சுருண்டது.

“அடுத்தது நாமதான்க்கா. சரம் வளரலையே, நம்மையும் சும்மா இருக்கிறதாத்தான் எழுதுவாங்க.”

“கரைச்சா ஒரே குளத்துலதானே கரைப்பாங்க?” என்றாள் காத்தாயி.

“அணிலுக்கு ஒரு பக்கம், ஆமைக்கு ஒரு பக்கமாம்.”

காத்தாயி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அப்போது ஒரு தவளை வந்தது. பருத்த தவளை. அதை அந்தக் காட்டில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்கு என்ன வேலை என்றுதான் யாருக்கும் தெரியாது.

“சேர்ந்திருக்கிற ஜோடி நீங்க ரெண்டு பேர்தானா?” என்றது தவளை.

“ஆமாங்க.”

“கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க.” அது அணிலுக்கும் ஆமைக்கும் நடுவில், எறும்பு வந்து மணி கொடுக்கும் இடத்தில், வசதியாக உட்கார்ந்துகொண்டது.

“அண்ணே, இங்க உட்கார்ந்தா நாங்க வேலை செய்ய முடியாதுங்களே” என்றான் சடையன்.

“தெரியும். பஞ்ச காலத்தில் உட்கார்றதுதான் என் உத்தியோகம்.”

சற்று நேரத்தில் கொக்கு வந்தது. அணிலை ஒரு பக்கம் இழுத்தது. ஆமையை ஒரு பக்கம் இழுத்தது. நடுவில் தவளை இறுக உட்கார்ந்திருந்ததால் இரண்டும் பிரியவில்லை.

“நீ என்ன செய்கிறாய்?” என்று கொக்கு தவளையைக் கேட்டது.

“உட்கார்ந்திருக்கேன்.”

“எதற்கு?”

“அது எனக்குச் சொல்லலை.”

கொக்கு கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. வேலை செய்யத் தயாராக இருந்தால் கரைக்கலாம். இவர்கள் தயாராகவும் இல்லை. “பழுது. தொட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

சடையனும் காத்தாயியும் தூங்கினார்கள். நடுவில் தவளை இருந்ததால் கதகதப்பாக இருந்தது.

பிறகு ஒரு நாள் மழை பெய்தது. களஞ்சியம் நிறைந்தது. எருமை அலுவலக வாசலுக்கு வந்து, காடு முழுக்கக் கேட்கும்படி, “வாங்க” என்றார். வெளியே நின்ற சம்பந்திகள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் கொடியில் ஏற ஆள் வரவில்லை. தேடிப் பார்த்ததில் கொடி நுனியில் ஒரே ஒரு ஜோடி தூங்கிக்கொண்டிருந்தது.

அவர்களை எழுப்பி ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். தவளையை மேடைக்குக் கீழே உட்கார வைத்தார்கள்.

“பஞ்சம் வருவதை நம் எல்லோருக்கும் முன்னால் உணர்ந்து, முதலில் நின்றவர்கள் இவர்கள்” என்று எருமை பேசினார். “ஆகவே இவர்களுக்குப் பதவி உயர்வு. புதிய அணில்களுக்கும் ஆமைகளுக்கும் இவர்கள் பயிற்சி கொடுப்பார்கள். சடையன் வடக்கே. காத்தாயி தெற்கே.”

எல்லோரும் கைதட்டினார்கள். சடையன் காத்தாயியைப் பார்த்தான். காத்தாயி சடையனைப் பார்த்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாத சடையன் மேடை ஓரத்துக்கு வந்து கீழே குனிந்தான்.

“அண்ணே, வேற வேலை ஏதாவது இருக்குங்களா?”

“எனக்கு என்ன வேலை?” என்றது தவளை.

“அப்ப மேலே வந்து உட்காருங்க.”

“பஞ்சம் முடிஞ்சுபோச்சே தம்பி. பஞ்சம் இருந்தாத்தான் உட்காரலாம்.”

காத்தாயிக்கு இது காதில் விழுந்தது. அவள் மெல்ல நடந்து எருமையின் பின்னால் போனாள். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஓட்டால் அவருடைய குளம்பில் மோதினாள்.

டொக்.

மரங்கொத்தி தலையைத் தூக்கியது. அதற்கு வேறு வழியில்லை. “ஐயா, முட்டல்” என்றது.

எருமை களஞ்சியத்தைப் பார்த்தார். அது நிரம்பி வழிந்தது. மரங்கொத்தியைப் பார்த்தார். அது காத்திருந்தது. அவர் ஒரு முறை அசைபோட்டுவிட்டுப் பஞ்சத்தை அறிவித்தார். உள்ளே வந்து உட்கார்ந்திருந்த சம்பந்திகள், இலை போட்ட நிலையில், எழுந்து வெளியே போய் நின்றார்கள். கரைப்பதற்குப் புதியவர்கள் யாரும் இன்னும் பிறக்கவில்லை என்பதால் குளத்துக்கு வேலை வரவில்லை.

காத்தாயி சடையனிடம் திரும்பி வந்ததும், தவளை மேடையேறி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது.

“நகர்ந்து உட்காரு தம்பி” என்றாள் காத்தாயி. “அண்ணனுக்கு இடம் பத்தலை.”

இதற்கிடையில், வெளியே, ஆராய்ச்சியாளர்கள் பக்கத்துக் காடு ஒன்றை உறைய வைத்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கேயும் ஒரு ஜோடி தூங்கிக்கொண்டிருந்தது, அங்கேயும் நடுவில் ஒரு தவளை இருந்தது. நெருக்கடி நேரத்தில் உயிரணு தன் ரைபோசோம்களை முன்யோசனையோடு பூட்டி வைத்துப் பாதுகாக்கிறது என்று கட்டுரை எழுதி மகிழ்ந்தார்கள். தவளையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் அது சொல்லியிருக்கும்.

நீதி: வேலையை ஒழுங்காக முடித்தவரைக் கரைப்பார்கள், முட்டியவரைப் பிரிப்பார்கள், நின்றவருக்குப் பதவி உயர்வு கொடுத்துப் பிரிப்பார்கள், ஆகவே மனதுக்குப் பிடித்த துணை அமைந்துவிட்டால், நடுவில் எப்போதும் ஒரு தவளைக்கு இடம் விட்டு உட்காரவும்.