இருநூறு அண்ணையின் சராசரி

உலகத்திலேயே பேட்டிங் சராசரி இருநூறு வைத்திருந்த ஒரே மனிதர் டார்னெய்ட் என்னும் எங்கள் புறநகரில், எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். ஒரு பிறந்தநாள் விருந்தில் மட்டன் ரோல்ஸ் தட்டோடு வந்து, "தம்பி, என்ர பற்றிங் அவரேஜ் இருநூறு" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கிரிக்கெட்டில் ஐம்பதைத் தொட்டவனையே சாமியாகக் கும்பிடும் மதுரைக்காரன் நான். சட்டென்று எழுந்து அவருக்கு என் நாற்காலியைக் கொடுத்தேன். அன்று முதல் அவர் எனக்கு இருநூறு அண்ணை.

அவர் ஆடுவது பேஸ்பால் என்பது, அவருடைய அணியிலேயே நானும் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அங்கே வாயால் இருநூறு என்பார்கள். எழுதும்போது அதற்கு முன்னால் ஒரு புள்ளி வைப்பார்கள். அதாவது மனிதர் ஐந்து முறை மட்டை பிடித்தால் நாலு முறை சும்மா திரும்பி வருகிறார். லீக் சராசரியோ இருநூற்றைம்பது.

"அப்ப நீங்க சராசரிக்கும் கீழயாண்ணே?"

"சராசரி எண்டுறது மற்ற ஆக்களுக்குத் தம்பி."

மற்றவர்களை அவர் சும்மா விட்டதில்லை. விருந்து வீட்டில் கத்தரிக்காய்க் கறியை ஒரு வாய் வைத்துவிட்டு, "அன்ரி, டார்னெய்ட் சராசரிக்குக் கொஞ்சம் மேல" என்பார். அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வராது. கோயிலில் தீபாராதனை முடிந்ததும், "ஐயர் இண்டைக்குச் சராசரிக்குக் கீழ" என்று என் காதில் ஓதுவார். முப்பது வருடக் கடனில் நான் வாங்கிய புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பக்கத்து ஊர் ட்ருகனினாவில முழுத் தெருவும் இதே பிளான்தான். சுத்தமான சராசரி" என்றார். என் மனைவி அவருக்கு மட்டும் சர்க்கரை போடாமல் டீ கொடுத்தாள்.

அவருடைய கோளாறு கிரிக்கெட். வெளியே போகும் பந்தைத் தொடாதே என்று யாழ்ப்பாணத்துப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி, விருந்தாளியை வழியனுப்புவதுபோல் பந்தை அனுப்பி வைப்பார். பேஸ்பாலில் தவறாக எறிந்த பந்துகள் நாலை விட்டுவிட்டால் முதல் பேஸுக்கு, அதாவது முதல் தளத்துக்கு, இலவசமாக நடக்கலாம். பாதி சீசனை மனிதர் நடந்தே ஓட்டினார். ஆனால் நடை சராசரியில் சேராது.

எங்கள் கேப்டன் ஒரு வெள்ளைக்காரர். லீக் சராசரிக்குக் கீழே இருப்பவர்களுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்று கடைசி ஆட்டத்தன்று அறிவித்துவிட்டார். இருநூறு அண்ணை கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு அடி விழுந்தால் போதும், சரியாக இருநூற்றைம்பது.

"இந்த டீமும் இல்லாட்டி சனிக்கிழமையில எனக்குப் போக ஒரு இடமில்லைத் தம்பி" என்றார். அன்றுதான் அவர் எதையும் எதோடும் ஒப்பிடாமல் பேசிக் கேட்டேன்.

கடைசி இன்னிங்ஸில் இரு அணியும் சமம். மூன்று தளத்திலும் எங்கள் ஆட்கள், மூன்றாவதில் நான். மட்டையோடு இருநூறு அண்ணை. மூன்று பந்துகள் தவறாக வந்தன, விட்டார். இன்னொன்றையும் விட்டால் அவர் நடப்பார், எல்லோரும் ஒரு தளம் நகர்வோம், நான் வீடு என்கிற கடைசித் தளம் சேர்வேன், அணி ஜெயிக்கும். அடித்தால் அவர் பிழைப்பார், அல்லது எல்லாம் கெடும்.

நாலாவது பந்து வெளியேதான் வந்தது. ஆனால் மெதுவாக, அடி என்று கேட்டுக்கொண்டு வந்தது. மட்டை அசைந்தது. நான் ஓட ஓரடி எடுத்து வைத்தேன். மட்டை அப்படியே தோளுக்கு மேல் போனது.

நான் நடந்து வந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தேன். ஒன்றுமே செய்யாத என்னை எல்லோரும் தோளில் தூக்கி ஆடினார்கள். முதல் தளத்தில் அவர் தனியாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே அடிக்கல?"

"அவுட்சைட் ஓஃப் ஸ்ரம்ப் தம்பி. அடிக்கிற பந்தே அது?"

கேப்டன் சொன்னபடியே செய்தார். இருநூறு அண்ணை இப்போது சிட்னியில், மகள் வீட்டில் இருக்கிறார். அவர் போனபின் எங்கள் அணியின் சராசரி ஏறிவிட்டது. எனக்குத்தான் சனிக்கிழமைகளில் மைதானத்துக்குப் போகப் பிடிக்கவில்லை.