ஏப்ரல் மாதத்து அம்மன்

ரொறன்ரோ
22 நவம்பர் 1987

அன்புக்குரிய மைத்துனர் செல்வரட்ணத்துக்கு,

உம்முடைய அத்தான் தில்லையம்பலம் எழுதுவது. இங்கே நானும் உம்முடைய அக்கா மங்கையற்கரசியும் எங்கள் இருவரின் மூட்டுவலியும் சுகமாக இருக்கிறோம். பாரிசுக்குப் பக்கத்து ஆற்றங்கரை ஊரில் நீரும் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க நல்லூர்க் கந்தன் காவல். மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். நீர் அனுப்பிய கலண்டரால் என் வீடு வீடாக இல்லை.

போன மார்கழியில், உம்முடைய ஊர் நகரசபை சும்மா கொடுத்தது என்று ஒரு கலண்டர் அனுப்பினீர் அல்லவா? அந்த ஊரின் பழைய பெருமைகளை மாதத்துக்கு ஒன்றாகப் படம் போட்டிருந்தார்கள். ஜனவரியில் கல்லுப் பாலம். பெப்ரவரியில் அந்தக் காலத்துப் பெண்கள் முழங்காலில் நின்று உடுப்புத் தோய்த்த ஆற்றங்கரைக் கொட்டகை. மார்ச்சில் தோணித்துறை, அதில் இடுப்பில் கை வைத்தபடி ஒரு மீசைக்காரர். எங்களுக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் தம்பி நல்ல இடத்தில்தான் இருக்கிறான் என்று அக்காவுக்குச் சந்தோஷம். ஏப்ரல் பிறந்தவுடன் நான் தாளைப் புரட்டினேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

ஏப்ரல் படத்தில் ஒரு பெண்ணின் முகம் மட்டும். வெள்ளைச் சாந்தில் செய்தது. கண் மூடியிருக்கிறது. தலைமயிர் காதோடு ஒட்டிக் கிடக்கிறது. வாயோரத்தில் சிரிப்பு ஒன்று வரப் பார்த்து நின்றுவிட்டது. அக்கா பார்த்தவுடனே கையெடுத்துக் கும்பிட்டாள். "இஞ்சாருங்கோ, தியானத்திலை இருக்கிற முகம். உது அந்த ஊர் ஆத்தங்கரை அம்மன்." வேதக்காரரின் மாதாவாக இருக்கும் என்றேன் நான். "ஆராயிருந்தா என்ன, கண்ணைத் திறந்து எங்களைப் பாத்தாக் காணும்" என்றாள். அந்த நேரம் எனக்கும் அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது.

உடுப்பு அலுமாரியைக் காலி செய்து உண்டாக்கிய சாமியறையில், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் கலண்டர் ஏறியது. பொட்டு, பூ, விளக்கு எல்லாம் வந்தன. கற்பூரம் கொளுத்தினால் கூரையில் இருக்கும் புகைமணி அலறும், அதையே கோயில் மணியாக எடுத்துக்கொண்டோம். அம்மனைத் திருப்பிச் சுவரைப் பார்க்க விடலாமா என்று தாள் புரட்டவும் தடை வந்தது. ஆகவே வெளியே சினோப் பனி கொட்டுகிறது, எங்கள் வீட்டில் இன்னும் ஏப்ரல். இந்தக் குழப்பத்தில் பல் டொக்டரிடம் பிழையான நாளில் போய் நின்று, அங்கே வரவேற்பில் இருந்த பிள்ளையிடம் பேச்சு வாங்கினேன். இதற்கிடையில் மேல்மாடிக் கந்தப்போடி அண்ணை வந்து கும்பிட்டுவிட்டுப் போனார், ஒஷாவாவில் வேலை கிடைத்தது. எதிர்வீட்டுக் கோணேஸ்வரி வந்து அழுதுவிட்டுப் போனாள், அவளுடைய அகதி வழக்கு சரிவந்தது. பிறகு கேட்க வேண்டுமா? தூரத்து அஜக்ஸ் ஊரிலிருந்தெல்லாம் வாழைப்பழச் சீப்போடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வழிநடையில் குவிந்த சப்பாத்துகளில் தடக்கி விழுந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி, கடைசியில் தானும் ஒரு பூ கொண்டுவந்து வைத்தாள். என்ன கேட்டாளோ தெரியாது, இப்போது என்னைக் கண்டால் சிரிக்கிறாள்.

எல்லோரும் கேட்டதைப் பெற்றுக்கொண்டு போக, உம்முடைய அக்கா கேட்டது மட்டும் நடக்கவில்லை. அவள் கேட்டது எது என்று உமக்குத் தெரியும். வைகாசியில் ஊரில் சண்டை மூண்டபோது எங்கள் மகன் யோகன் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் புறப்பட்டான் என்று செய்தி வந்தது. போய்ச் சேர்ந்தான் என்ற செய்தி இன்றுவரை இல்லை. நாங்கள் இரண்டுபேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சாப்பிடும்போது முகம் பார்ப்பதும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். உமக்கு எழுதுவதால் சொல்கிறேன்.

அவன் வள்ளம் ஏறிய அந்தக் கிழமையிலிருந்துதான் கலண்டருக்குக் கீழே தரை நனையத் தொடங்கியது. துடைத்தால் ஊறும், மறுபடி துடைத்தால் மறுபடி ஊறும். கட்டடத்தைப் பார்க்கிற சூப்பரைக் கூப்பிட்டேன். அவர் சுவரைத் தட்டி, உடைத்து, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்தச் சுவரில் தண்ணீர்க் குழாயே இல்லை என்றார். பிறகு விரலை நனைத்து மணந்து பார்த்தார். மணந்தவுடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், உடைத்த சுவரைப் பூசக்கூட இன்னும் வரவில்லை. நானும் மணந்து பார்த்தேன். பாசி மணம், சேற்று மணம். ஒன்பதாம் மாடிக்கு ஆறு எப்படி ஏறிவரும்? இத்தனைக்கும் படத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனால் அந்த இமைகள் முன்னர் இவ்வளவு தளர்ந்திருக்கவில்லை என்று எனக்குப் பட்டது. "உங்கடை கண்ணாடியை மாத்துங்கோ" என்றாள் அக்கா. மாற்றினேன். இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தபாற்கந்தோரில் முத்திரை குத்தியே வயது போன எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த அலுமாரியைக் கடக்கும்போது கட்டியிருக்கும் சாரத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் விரைவாகத்தான் நடக்கிறேன். ஈரம் படாமல் இருக்க என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்றுக் கீழ்மாடி அன்ரனெற் திரும்பவும் வந்தாள். கனடாவுக்கு வருமுன் பாரிசில் வேலை செய்த பிள்ளை, பிரெஞ்சு வாசிப்பாள். போகும்போது என்னை லிப்ட் வாசலுக்குத் தனியே கூப்பிட்டாள். "அங்கிள், உது மாதாவுமில்லை, அம்மனுமில்லை. ஆத்திலை மிதந்து வந்த பொம்பிளை. தோணிக்காரர் கண்டு கரையிலை ஏத்தினவையாம். ஆரெண்டு தெரியாததாலை, தேடி வாற ஆக்களுக்குக் காட்ட முகத்திலை சாந்து வைச்சு அச்சு எடுத்தவையாம். ஒருத்தரும் வரேல்லை எண்டு படத்துக்குக் கீழை போட்டிருக்கு. அந்த அச்சு இப்ப அந்த ஊர் மியூசியத்திலை இருக்காம்."

கடலில் போன பிள்ளைக்காக, தண்ணீரில் செத்தவளுக்கு விளக்கு வைத்திருக்கிறோம்! வந்த கோபத்தில் கலண்டரைக் கழற்றப் போனேன். அக்கா அலுமாரிக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரியும். அன்ரனெற் முதல் தரம் வந்த அண்டே எனக்கு வாசிச்சுச் சொன்னவள். நான்தான் உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டு மறிச்சனான்." தெரிந்துகொண்டா கும்பிட்டாய் என்று சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "முருகனுக்கு எத்தினை சனம். உவளைத் தேடி ஒருத்தரும் வரேல்லை. நான் வந்திருக்கிறன். அவள் என்ரை பிள்ளையைத் தேடுவாள்" என்றாள். நான் ஒரு பழந்துணியை எடுத்து ஈரத்தைத் துடைத்தேன்.

ஆகையால், மச்சான், நீர்தான் உதவ வேண்டும். அக்கா உம்முடைய சொல்லைக் கேட்பாள். உடனே தொலைபேசி எடுத்து, அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லும். வீட்டில் பிள்ளையின் செய்தி இல்லாத நேரத்தில் இப்படியான முகம் சுவரில் தொங்குவது கூடாது. இனிமேல் உம்முடைய ஊர்ப் பெருமை எதையும் எங்களுக்கு அனுப்பவும் வேண்டாம். சொக்லேற் மட்டும் அனுப்பினால் காணும்.

உமக்கு நல்ல இடத்தில் கலியாணம் பொருந்தி, நல்ல சாப்பாடும் சூடான வீடும் கிடைக்க மனதார ஆசீர்வதிக்கும்,

அத்தான்
தில்லையம்பலம்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரம் தொலைபேசி அடித்தது. யோகன்! மொன்றியல் விமான நிலையத்தில் நிற்கிறான். உயிரோடு நிற்கிறான், மச்சான்! இத்தனை மாதமும் பம்பாயில் ஓர் ஏஜென்ற் அவனை அறைக்குள் போட்டு வைத்திருந்தானாம். அவன் எழுதிக் கொடுத்த கடிதங்களில் ஒன்றைக்கூட அந்த நாய் தபாலில் போடவில்லை. அதற்கு முதல், இந்தியக் கரைக்குக் கிட்ட வள்ளம் கவிழ்ந்ததாம். இவன் தாழ்ந்து போகும்போது யாரோ கொலரில் பிடித்துத் தூக்கி மணலில் போட்டார்களாம். வள்ளக்காரன்தான் என்று நினைத்து நன்றி சொல்லப் போனால், வள்ளக்காரன் தனக்கே நீந்தத் தெரியாமல் ஒரு பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தானாம். வேறு ஒருவரையும் காணவில்லையாம். அக்கா அழுகிறாள், எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை, எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியும். மேலே எழுதியதை எல்லாம் வெட்டிவிடும். நாளைக்கே அந்த மியூசியத்துக்குப் போம். வெறுங்கையோடு போகாமல் நல்ல பூவாக வாங்கிக்கொண்டு போம். வாசலில் நிற்பவர் நீர் யார் என்று கேட்டால், அவளுடைய சொந்தக்காரன் என்று சொல்லும்.