பாம்பன் பாலத்தை நான் பார்த்தேன், மச்சான்!

ஆமத்தூர்,
8.2.2004

நம் பட்டாசுக் கம்பெனியின் மதுரை குடோனைக் கட்டிக் காக்கும் மரியாதைக்குரிய மச்சான் தனுஷ்கோடி அவர்களுக்கு, உங்கள் தங்கை வள்ளித்தாயின் வீட்டுக்காரன் கருப்பணன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர.

போன வாரம் காதுகுத்து வீட்டுப் பந்தியில், "ஏரோப்ளேன்ல போனது நெசந்தான், பாம்பன் பாலத்தை இவரு எங்கன பாத்தாரு? மூட்டைக்குப் பதிலால்ல போனாரு!" என்றீர்களே, அதை என் மகள் பாண்டிச்செல்வி கேட்டுவிட்டாள். அப்பா பாலத்தை மேலேயிருந்து பார்த்தார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்த பிள்ளை. "நெசமாப்பா?" என்றாள். அதன்பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூட்டையாகப் போனதை நான் மறுக்கவில்லை. புது ராக்கெட் பெட்டியின் லேபிளுக்குப் பாலத்தைப் படம் பிடிக்கச் சின்ன முதலாளி மகேஷ்குமார் நாலு சீட்டு விமானம் அமர்த்தினார், இடது ஜன்னலில் கேமராமேன், அவருக்குச் சமமாக வலது பக்கம் கனம் வேண்டும் என்று மணல் மூட்டை தேடியவர்கள் என் வயிற்றைப் பார்த்ததும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள், நானும் வெடிமருந்து ஷெட்டுக்குள் நுழைகிற பழக்கத்தில் செருப்பை மதுரை ஏர்போர்ட் தரையிலேயே கழற்றிவிட்டு ஏறினேன், ஒரு ஷெட்டுக்கு நாலு பேருக்கு மேல் கூடாதே என்று தலையை எண்ணினேன், சரியாக நாலு, அந்நேரம் கதவைச் சாத்த ஒருத்தர் உள்ளே தலையை நீட்ட, "ஏலே, அஞ்சாவது ஆளு வெளிய போலே!" என்று கத்திவிட்டேன். அவர் அங்கே பெரிய ஆபீசராம்.

கடல் வந்தது. என் ஜன்னலில் வெறும் தண்ணீர், பாலம் இடது பக்கம். "சார், அசையாதீங்க" என்றார் பைலட். அசைந்தேன் மச்சான்! கேமராமேன் மடியில் விழுந்து ஜன்னலில் தலையை விட்டேன். விமானம் சாய்ந்தது. முன் சீட்டில் சின்ன முதலாளி சாமியைக் கூப்பிட்டார், கேமராமேன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் மட்டும் கண்ணைத் திறந்திருந்தேன். நீலத்தாளில் பிரித்துப் போட்ட சரவெடி மாதிரி பாலம், அதில் திரி பற்றி ஊர்வது மாதிரி ஒரு ரயில். அம்புட்டு அழகு.

ஆகவே பங்குனிப் பொங்கலுக்கு வரும்போது பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டு, "உங்கப்பா பாத்தாரும்மா" என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் இலைக்குக் கறிக்குழம்பு வராது. உங்கள் தங்கை இதற்குச் சம்மதிக்கவில்லை, சட்டியை நானே ஒளித்து வைப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்களுக்கு மட்டும் பொங்கல் வரை ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
கருப்பணன்

பி.கு.: ஃபிலிம் கழுவி வந்துவிட்டது. முப்பத்தாறு படத்திலும் என் பின்மண்டை. நான் இடத்தைவிட்டு அசையவே இல்லை என்று சின்ன முதலாளியிடம் சத்தியம் செய்திருக்கிறேன். நான் உங்களிடம் என்ன சொன்னேன் என்று விசாரிக்க வியாழக்கிழமை குடோனுக்கு வருகிறார். தயவுசெய்து பந்தியில் சொன்னதையே அவரிடமும் சத்தமாகச் சொல்லுங்கள். பாண்டிச்செல்வியிடம் மட்டும் நான் பார்த்ததாக.