நாளொன்றுக்கு மூன்று விறகு

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இதை ஒரு குறை என்று ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பத்தொன்பது வயது ஆக வேண்டியிருந்தது. ஓர் ஊரே ஓஸ் பைப்போடு ஓடிவரவும் வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். இருபத்தாறு வருடம் போல்ட், பெல்ட், பேரிங் என்று எண்ணி எழுதிவைத்தே பழகிய கை. ஆலை மூடியதும் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய், வீட்டுச் சோப்புக் கட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். என் மனைவி சாந்தி மூன்று வாரம் பொறுத்தாள். நான்காவது வாரம், "எங்கயாச்சும் அமைதியான எடத்துல ரெண்டு மாசம் இருந்துட்டு வருவோம். இல்லாட்டி நான் மட்டும் போறேன்" என்றாள்.

ஆலையில் கூட வேலை பார்த்தவர் ஒருவர், தன் சொந்தக்காரர் தங்கவேலின் வீட்டைச் சொன்னார். கொடைக்கானலில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, மலைக்குப் பின்னால் மலையாகக் கடந்து, கிளாவரைப் பக்கம் போக வேண்டும். தங்கவேலும் அவர் மனைவி பேச்சியம்மாவும் மகள் பிரசவத்துக்காகப் பழனிக்கு இறங்குகிறார்கள். மார்கழி, தை இரண்டு மாதமும் வீடு நமக்கு. வாடகை என்று கேட்டது, பெயருக்கு ஏதோ.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேச்சியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

"காலையில ஒருவாட்டி, பொழுசாய ஒருவாட்டி, ரெண்டு வேளையும் நல்லா அடுப்பெரிங்க சார். கொட்டகையில வெறகு நெறையக் கெடக்கு. மிச்சம் பாக்காதீக."

முன்பின் தெரியாதவர்களுக்குக் குளிரக்கூடாது என்று இவ்வளவு அக்கறையா! இந்த நல்ல மனதுக்குப் பதிலாக, அவர்கள் விறகை முடிந்தவரை தொடாமல் திருப்பித் தருவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். (என் வாழ்க்கையின் பெரிய தவறுகள் எல்லாம் நன்றியுணர்ச்சியில்தான் ஆரம்பித்திருக்கின்றன.)

முதல் நாளே டைரியில் வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுத்தேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "விறகு: 530. அண்டா: 2. கடப்பாரை: 1." கீழே தனியாக ஒரு தலைப்பு, "உபயோகமற்றவை". அதில் முதல் வரி: "அடுப்புக்கு மேலே பரணில் கரி பிடித்த பழைய பூண்டு, 64 கட்டு."

சாந்தி அண்ணாந்து பார்த்தாள். "இம்புட்டையும் சும்மாவா கட்டித் தொங்க விட்டுருப்பாக? என்னன்னு கேட்டீங்களா?"

"கேக்க என்ன இருக்கு? தூக்கிப்போட மனசில்லாம வச்சிருக்காங்க. நம்ம வீட்டுல உங்கப்பா குடை இல்லையா, அது மாதிரி."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். (குடையை இழுத்திருக்கக்கூடாது.)

அமைதி என்பது எனக்கு இரண்டு நாள்தான் தாங்கியது. வெளியே மூடுபனி. தோட்டம், பாதை, எதிர் வீடு எதுவும் தெரியாது. நடந்தால் கால் விறைக்கும், உட்கார்ந்தால் முதுகு விறைக்கும். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் விறகைக் குறைக்கும் வேலையில் இறங்கினேன்.

முதல் வாரம் நாளுக்குப் பதினாலு. இரண்டாம் வாரம், ஒரு வேளை மட்டும் சமைத்து, ஒன்பது. பிறகு வைக்கோல் பெட்டி. அரிசி ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் வைத்து, என் போர்வையால் மூடிவிட்டால், தீயே இல்லாமல் சோறு வெந்துவிடும். சோற்றுக்குக் கதகதப்பு. எனக்குப் போர்வை இல்லை. ஆனால் விறகு மூன்றாகக் குறைந்தது! "இன்று: 3" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

பரணிலிருந்து கரி உதிர்ந்து ரசத்தில் விழுவது மட்டும் என் ஒழுங்குக்கு ஒத்துவரவில்லை. பெரிய பிளாஸ்டிக் படுதா ஒன்றைப் பரணுக்கு அடியில் சுருக்கமே இல்லாமல் இழுத்துக் கட்டினேன். இருந்த கொஞ்சநஞ்சப் புகையும் கதவு வழியாக மரியாதையாக வெளியே போனது.

சாந்தி இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, தலையில் என் மப்ளர் என்று உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, இந்த வெறகெல்லாம் சேத்து வச்சு யாருக்குக் குடுக்கப் போறோம்?"

"மனுசங்க நம்மள நம்பி விட்டுட்டுப் போயிருக்காங்க சாந்தி."

முப்பத்தைந்தாம் நாள் காலை, பக்கத்துத் தோட்டத்து ராக்கம்மா வாசலில் வந்து நின்றார். கையில் கேரட், முகத்தில் சந்தேகம்.

"உள்ளதேன் இருக்கீகளா? கூரையில பொகையே காணமே, ஊருக்குப் போயிட்டீகளோன்னு நெனச்சேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டைரியை எடுத்துவந்து படித்தே காட்டினேன். முப்பத்துநாலு நாளில் இருநூற்று இருபத்தொரு விறகு. மிச்சம் முன்னூற்று ஒன்பது. ராக்கம்மா என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்வை படுதா மேல் இருந்தது. ஸ்டூலில் ஏறி ஒரு முனையை அவிழ்த்தார். பரணின் மூங்கில் இடுக்குகளில் அங்கங்கே பச்சை முளை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டு பொதபொதவென்று அவர் கையோடு வந்தது.

"அடப்பாவி மனுசா!" என்றார். பிறகு என் வயதை யோசித்து, "சார்" என்று சேர்த்துக்கொண்டார்.

"என்னக்கா?" என்று சாந்தி எழுந்து வந்தாள்.

"வெதப்பூண்டு தாயி. பனி முடிஞ்சதும் ஊன்றதுக்கு இதுதேன். ரெண்டு வேளையும் பொகை பட்டாத்தேன் காஞ்சு கெட்டியா நிக்கும். பொகை போடத்தேன் உங்கள குடி வச்சதே! இது போச்சுன்னா பேச்சி இந்த வருசம் எதை ஊனுவா?"

சாந்தி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ராக்கம்மா தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். "இனிமேலாச்சும் பதமா எரிங்க. நான் மத்தியானம் வந்து பிரிச்சுப் பாக்குறேன்." மத்தியானம் வரை காத்திருக்க என்னால் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. தங்கவேல் வீட்டார் வர இன்னும் இருபத்தைந்து நாள். விட்டுப்போன ஐந்து வாரப் புகையை மூன்றே நாளில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டேன். படுதாவை உருவினேன். ஜன்னலைச் சாத்தினேன். முப்பத்தாறு விறகை ஒரே அடுக்காக அடுக்கி, மேலே ஈரமான தைல மரத்தழையைக் கைநிறையக் கைநிறைய வைத்தேன்.

"இது வேணாங்க" என்றாள் சாந்தி.

"புகைதானே கேட்டாங்க?"

பத்து நிமிடத்தில் எனக்கு என் கை தெரியவில்லை. தகரக் கூரையின் எல்லா இடுக்கிலிருந்தும் வெள்ளைப் புகை பொங்கியது. கேரட் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

"ஏலே, தங்கவேலு வீடு எரியுதுடா! ஓஸ இழுங்கடா, வெரசா!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு நானும் சாந்தியும் வெளியே ஓடிவந்தோம். அவள் இரண்டு கையிலும் பூண்டுக் கட்டு. என் கையில் டைரி. (வீடு தீப்பிடித்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள் என்று யாராவது விளையாட்டாகக் கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.)

"தீ இல்ல, புகைதான்!" என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. மறுபடி திறந்தேன். மறுபடி இருமல்.

"பாவம், சாருக்கு மூச்சடைச்சிருச்சு" என்று ஒருவர் என்னைத் தூரமாகக் கொண்டுபோய் உட்கார வைத்தார். இரண்டு பேர் கூரையில் ஏறித் தகரத்தைத் தூக்கிப் பிடிக்க, கீழே மோட்டாரை முடுக்கினார்கள். ஓஸ் சரியாகப் பரணுக்கு நேர் மேலே உள்ளே போனது. எனக்குக் குரல் திரும்பியபோது அடுப்படி வாசல்படி வழியாகக் கறுப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

நெருப்பு எங்கே என்று உள்ளே தேடிய ஒருவர் வெளியே வந்து, "அடுப்புதேன் எரிஞ்சிருக்கு" என்றார். பிறகு ராக்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவரால் நிறுத்த முடியவில்லை. சாந்தியாலும் முடியவில்லை.

சிரித்து முடித்ததும் ராக்கம்மாதான் வேலையைப் பிரித்தார். நனைந்த கட்டுகளை எல்லாம் இறக்கி, பதினோரு வீட்டு அடுப்புகளுக்கு மேலே பங்கிட்டுத் தொங்கவிட்டார்கள். எந்த வீட்டில் எத்தனை கட்டு என்று நான் எழுதினேன். அந்த டைரியில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான்.

பேச்சியம்மாவிடம் சொல்லியாக வேண்டுமே. சிக்னல் கிடைக்கும் மேட்டில் அரைமணி நேரம் இப்படியும் அப்படியும் நடந்தேன். கடைசியில் சாந்தியே நம்பரைப் போட்டு என் காதில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், படுதா உட்பட.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். பேத்தி பொறந்திருக்கா, இன்னைக்கு வெள்ளனே. மொதல்ல அதக் கேட்டுக்கங்க. திட்டுறத நேர்ல வந்து திட்டுறேன்."

சொன்னபடி வந்தார், சொன்னபடி திட்டினார். அறுபத்துநாலில் நாற்பத்தேழு கட்டு பிழைத்தது. பதினேழு போய்விட்டது, ஒரு பாத்தி முழுக்க ஊன்றியிருக்க வேண்டியது. அதற்கு ஈடாக நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். பேச்சியம்மா கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அடுத்த பனிக்கும் நீங்கதேன் வரணும். வாடகை வேணாம். ஆனா வெறக எண்ணாம எரிக்கணும்."

இது ஆறாவது பனி. மார்கழி பிறந்ததும் பஸ் ஏறிவிடுகிறோம். காலையிலும் மாலையிலும் அடுப்பெரிக்கிறேன், எண்ணாமல். (மறு வருடம் மனதுக்குள் எண்ணினேன். ராக்கம்மா கண்டுபிடித்துவிட்டார். உதடு அசைந்ததாம்.)

திண்டுக்கல் வீட்டில் என் சிக்கனம் இன்னும் முழுதாகப் போகவில்லை. போன மாதம், ஃப்ரிட்ஜ் தேவையில்லாமல் ஓடுகிறதே என்று சுவிட்சில் கை வைத்தேன். அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்த சாந்தி தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அணைக்கிறதுக்கு முன்னாடி, மேல என்ன தொங்குதுன்னு பாத்துக்கங்க."

பார்த்தேன். ஒன்றும் தொங்கவில்லை. இருந்தாலும் கையை எடுத்துவிட்டேன்.