பெட்டி ஆட்டோவை மணலில் இறக்கிய மனுவுக்காக

பொழியூர்
12-2-1996

நெய்யாற்றின்கரையில் ஆட்டோ விற்கும் வண்டிக்கடை நடத்தும் பெருமதிப்பிற்குரிய கிருஷ்ணன்குட்டி முதலாளி அவர்களுக்கு,

பொழியூரில் கரையில் நின்று இழுக்கும் கரமடி வலை வைத்திருக்கும் யோசுவா வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். தாங்களும் வீட்டாரும் கடையில் நிற்கிற வண்டிகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். தங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று உங்கள் விற்பனைக்காரன் மனு சொன்னான். அவன் உறுதியாகச் சொன்ன ஒரே தகவல் அதுதான் என்பதால் நம்பி எழுதுகிறேன்.

வண்டியை மணலில் இறக்கியதற்காக மனுவை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். என் மனைவி மேரிக்குட்டி இனிமேல் தலையில் மீன்கூடை வைக்கவே கூடாது என்று காரக்கோணம் ஆஸ்பத்திரியில் அவள் கழுத்தைப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டதால், மீனைப் பாறசாலை சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி ஆட்டோ வாங்க அலைந்தேன். முதலில் போன கடையில் ஒருவர் வண்டியின் சகல விவரத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். மணலில் ஓடுமா என்றேன். “கடலிலேயே ஓடும்” என்றார். கும்பிடு போட்டு வந்துவிட்டேன். அடுத்தது உங்கள் கடை. மைலேஜ் எவ்வளவு என்றால் மனு, “கிட்டும் சேட்டா” என்றான். ரிவர்ஸ் கியர் எது என்றேன். “தள்ளினா போவும்” என்றான். மணலில் ஓடுமா என்றதற்கு மட்டும் தலையைச் சொறிந்து, “அறிஞ்சூடா சேட்டா, கொண்டுவந்து நோக்கலாம்” என்றான். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன வியாபாரியை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

சொன்னபடி கொண்டுவந்தான். கரையில் இறக்கியதும் வண்டி வயிறுவரை புதைந்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஓடிவந்தார்கள். கரமடி இழுத்துப் பழகிய கைகள் அல்லவா, வலைக்கு இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆள் என்கிற வழக்கப்படி வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கட்டி, பாட்டுப் பாடி இரண்டு பக்கமும் இழுத்தார்கள். வண்டி அசையவில்லை; முன்பம்பர் மட்டும் கயிற்றோடு வந்துவிட்டது. பிறகு எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்துக் கரையேற்றினால், அடுத்த வம்பு. கயிற்றில் கைவைத்தவனுக்கெல்லாம் பங்கு உண்டு என்பது கடற்கரை வழக்கம் ஆயிற்றே! “பின்சக்கரம் எனக்காக்கும்” என்று எங்கள் வலைக்காரன் ராஜையா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “எலே, அது கடைக்காரன் வண்டிலே, விடு மக்கா” என்று கெஞ்சி, எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்துத்தான் பிரித்தேன்.

பம்பரை நானே சரியாக்கித் தருகிறேன். மனு மட்டும் கொண்டுவந்து காட்டாமல் இருந்திருந்தால், அந்த வண்டியை வாங்கி மணலில் புதைத்துவிட்டு மேரிக்குட்டியைத் திரும்பவும் கூடை சுமக்க வைத்திருப்பேன். அந்த நன்றி எனக்கு ஆயுசுக்கும் உண்டு. வண்டி எங்களுக்கு ஆகாது. பிள்ளை தங்கமான பிள்ளை.

தங்கள் வீட்டிலும் வியாபாரத்திலும் ஆண்டவரின் ஆசீர் நிறையட்டும்.

இப்படிக்கு,
நன்றியுள்ள
யோசுவா

பின்குறிப்பு: இதை மேரிக்குட்டிக்கு வாசித்துக் காட்டினேன். “மாதாவே! வண்டிய எதுக்கு மணலுல இறக்குனிய? ரோடு அந்தா கெடக்கு. வண்டி அங்க நிக்கட்டு, மீன நீங்க தூக்கிட்டு வாருங்க. சொமக்கப்பிடாதுண்ணு டாக்டர் சொன்னது எனக்காக்கும், ஒங்களுக்கு இல்ல” என்கிறாள். இது எனக்கும் தோன்றவில்லை, மனுவுக்கும் தோன்றவில்லை. ஆகவே வண்டி ஆகாது என்று எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். சற்றுமுன் மீன்கூடையைத் தலையில் வைத்து ரோடுவரை நடந்து பார்த்தேன். பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டேன். இதோடுதான் அவள் இத்தனை வருஷமும் பாறசாலைக்குப் போய்வந்திருக்கிறாள். வண்டியை நாளைக்கே மனு கையில் கொடுத்து அனுப்புங்கள்.