எறும்புதின்னி காப்பாற்றிய ஐம்பது விழுக்காடு

ஒரு காட்டில், தார்ச்சாலை போடப்பட்டு, அடுத்த மாதமே அதைத் தோண்டிக் குழாய் பதிக்கப்பட்ட காலத்தில், அரியநாயகம் என்னும் எறும்புதின்னி வாழ்ந்துவந்தது. உடல் முழுவதும் செதில் கவசத்துடன் பிறந்த அப்பிராணி, காருக்குக் காப்பீடு செய்வதில் பிற விலங்குகளைவிட மிகுந்த அக்கறை காட்டியது. பிறவியிலேயே பாதுகாப்புப் பெற்றவர்களுக்குத்தான் அது போதாது என்ற எண்ணம் வரும்.

ஐந்தாண்டுகளாக அரியநாயகம் இழப்பீடு எதுவும் கோரியதில்லை. ஆகவே காப்பீட்டு அலுவலகம் அதன் ஆண்டுக் கட்டணத்தில் ஐம்பது விழுக்காட்டைத் தள்ளுபடி செய்துவந்தது. ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்று காடு முழுவதும் வழங்கிய அத்தள்ளுபடிக்குரிய சான்றினை அரியநாயகம் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. திருமணப் படம் அதற்குக் கீழே இருந்தது.

அதன் மனைவி செண்பகவடிவு, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பள்ளிக்குத் தலைமையாசிரியையாக மாற்றப்பட்டது. இரண்டாவது கார் தேவைப்பட்டது. இருவரும் காப்பீட்டு அலுவலகத்துக்குச் சென்றனர்.

அங்கே கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்று பணியாற்றியது. உணவு இடைவேளைக்காக மற்றொரு காலைச் சேமித்து வைத்திருந்தது.

“புதுக் காரையும் என் பேர்லயே வாங்கறேன். என் தள்ளுபடி ரெண்டுக்கும் வரும்ல?” என்றது அரியநாயகம்.

“வராது சார். தள்ளுபடி உங்களோடதுதான். ஆனா ஒரு நேரத்துல ஒரு கார்லதான் உட்காரும். பழசை வித்தா புதுசுக்கு மாத்தித் தரேன். ரெண்டையும் வச்சுக்கிட்டா, ரெண்டாவது கார் பூஜ்யத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.”

“ஓட்டப்போறது ஒரே ஆள்தானேய்யா! இந்தக் கார்ல ஏறினா யோக்கியன், அந்தக் கார்ல ஏறினா அயோக்கியனா?”

“ஆபீஸ் அப்படித்தான் நினைக்குது சார்.”

செண்பகவடிவு குறுக்கிட்டது. “எப்படியும் பூஜ்யம்தானே? அப்ப என் பேர்லயே எழுதுங்க. ஓட்டப்போறது நான்.”

அரியநாயகத்தால் மறுக்க இயலவில்லை. மறுப்பதற்கிருந்த ஒரே காரணத்தைக் கொக்கு பறித்துவிட்டது.

நல்ல நாள் பார்த்துக் கோயில் வாசலில் புதுக் காருக்குப் பூசை நடந்தது. அதற்கு வழிகாட்டி வந்த பழைய கார் முன்னால் நின்றது. பூசாரி வெள்ளாடு மாலை சாத்தியது. சாத்திய மாலையில் பாதியைத் தின்றது. நான்கு சக்கரங்களின் அடியிலும் நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு, “மெதுவா ஏத்தும்மா” என்றது.

பழங்கள் ஒருசேர வெடித்தன.

திடுக்கிட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்வது எறும்புதின்னிகளின் குலவழக்கம். புலிகளிடம் அம்முறை பல தலைமுறைகளாகப் பலனளித்துள்ளது. ஓட்டுநர் இருக்கையில் அதனை எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. செண்பகவடிவு சுருண்டது, வால் ஆக்சிலேட்டரின் மேல் விழுந்தது, புதுக் கார் பாய்ந்து, பழைய காரின் பின்பாதியை அப்பளமாக்கியது.

“ஐயோ, என் ஐம்பது!” என்று அலறியது அரியநாயகம்.

“நான் நல்லாத்தான் இருக்கேன்,” என்று உருண்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. “கேட்டதுக்கு நன்றி.”

பட்டறை நடத்திய மரங்கொத்தி பழைய காரை மூன்றுமுறை தட்டிப் பார்த்து, பாதிக் கார் வாங்கக்கூடிய தொகையைச் செலவென்று சொன்னது. கையிருப்பு முழுவதும் புதுக் காருக்குப் போயிருந்தது. தம்பதியர் மீண்டும் கொக்கிடம் சென்றனர்.

“கிளெய்ம் போட்டா செலவு கிடைக்கும் சார். அடுத்த வருஷம் ஐம்பது பூஜ்யமாயிடும்.”

“போடலேன்னா?”

“ஐம்பது இருக்கும். கார் இருக்காது.”

அரியநாயகத்தின் செதில்கள் வெளிறின. செண்பகவடிவு கணவனைப் பார்த்தது.

“மோதினது யாரு?”

“நீதான்.”

“யார் கார்?”

“உன் கார்.”

“அப்ப என் மேல கேஸ் போடுங்க. என் இன்சூரன்ஸ் பணம் குடுக்கட்டும். உங்க ஐம்பதுல யாரும் கை வைக்க முடியாது.”

கொக்கு வியப்பில் இரண்டாம் காலையும் ஊன்றியது. “சரிதான் மேடம். ரெண்டு பேரு, ரெண்டு காரு, ரெண்டு பாலிசி. உங்க பாலிசிக்கு சார் வெளியாள். ஆனா ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா தீர்ப்பாயத்துல தள்ளிடுவாங்க. பகை நிஜமா இருக்கணும்.”

தீர்ப்பாயத்தில் யானை நீதிபதியாக அமர்ந்திருந்தது. “எதிர்மனுதாரர் கவனக்குறைவானவர் என்பதற்குச் சான்று உண்டா?”

“கொஞ்சம் அவசரக்காரி, ஐயா,” என்றது அரியநாயகம்.

“போதாது.”

“புத்தைத் தோண்டினா மூடமாட்டா. பாதி எறும்பு ஓடிப்போயிடும்.”

“போதாது.”

“எங்கம்மா சாவுக்கே மதியத்துக்கு மேலதான் வந்தா, ஐயா. அதுவும் சிரிச்ச முகமா!”

முந்தைய நாள் வீட்டில் பார்த்த ஒத்திகையில் இவ்வரி இல்லை. செண்பகவடிவு எழுந்து நின்றது.

“உங்கம்மா பதினொரு வருஷம் என் கையால ஒரு எறும்பு சாப்பிட்டாங்களா? கல்யாண போட்டோவுக்கு மேல இன்சூரன்ஸ் காகிதத்தை மாட்டற ஜென்மம் நீங்க! நீங்கள்ளாம் ஒரு மனுஷன்!”

இறுதிச் சொல்லை ஆவணத்திலிருந்து நீக்குமாறு நீதிபதி உத்தரவிட்டது.

விசாரணை மூன்று நாள் நீடித்தது. இத்துணைத் தூய பகையைத் தான் அண்மையில் கண்டதில்லை என்று பாராட்டிய நீதிபதி, இழப்பீட்டுத் தொகை முழுவதையும் வழங்குமாறு தீர்ப்பளித்தது. செண்பகவடிவு வாசலிலிருந்தே காரை எடுத்துக்கொண்டு அக்கரைக்குச் சென்று, பள்ளிக்கருகில் ஒரு வளையில் குடியேறியது.

ஓராண்டு கழிந்தது. அரியநாயகம் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சென்றது.

“ஐம்பது அப்படியே இருக்கு சார்,” என்றது கொக்கு. “மேடத்துக்கும் இந்த வருஷம் இருபது வந்திருக்கு. தன் காருக்குன்னு அவங்க எதுவும் கேக்கல. உங்க காருக்குக் குடுத்தது இந்தக் கணக்குல சேராது.”

“அவ எப்படி இருக்கா?”

“அது படிவத்துல இல்ல சார்.”

அன்று மாலையே அரியநாயகம் சமாதானம் பேசுவதற்காக அக்கரைக்குப் புறப்பட்டது. பாலம் குறுகலானது. எதிரே காட்டெருமைகள் லாரிகளை ஓட்டி வந்தன. அரியநாயகம் பாலத்தைப் பார்த்தது. தன் காரின் கீறலற்ற கதவுகளைப் பார்த்தது. கவனமாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது.

நீதி: இல்லறம் முறிந்தால் ஒரு நல்ல சொல்லில் ஒட்டிவிடலாம், ஐம்பது விழுக்காடு முறிந்தால் ஒட்டுவதற்கு ஐந்தாண்டு ஆகும். ஆகவே, கிடைத்தற்கரியதை முதலில் காப்பாற்றுக.