சாவடியில் என்னை நிறுத்தியது பற்றி

பெருமதிப்பிற்குரிய ‘ஏரிக்கரைச் செய்தி’ ஆசிரியர் அவர்களுக்கு, நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வுபெற்ற வீராசாமி வணங்கி எழுதுவது. தங்கள் நேரத்தை வீணாக்காமலிருக்க, சொல்ல வந்தவை:

1. சோதனைச் சாவடியில் யாரை நிறுத்துகிறார்கள்.
2. நான் செய்து பார்த்த சோதனை.
3. தவறு முழுக்கக் காவலர்களுடையது. என் மனுவுக்குச் சம்பந்தமில்லை.

சித்திரையில் என் மனைவி தாயாரம்மாளின் சங்கிலியைப் பைக்கில் வந்தவன் அறுத்ததில் கழுத்தில் ஆறு தையல். சாவடி கேட்டு நான் மனு கொடுத்தேன், தாங்களும் பிரசுரித்தீர்கள், சாவடி வந்தது, நாங்களும் நிம்மதியாகக் கடைக்குப் போனோம். ஆனால் பக்கத்து வீட்டு முஸ்தபாவின் மகன் ஜமீரைத் தினமும் நிறுத்துகிறார்கள். “நாஷ்டாவுக்கு முன்னால ஒரு தபா, பின்னால ஒரு தபா. என் மூஞ்சில இன்னா சார் எய்திக்கீது?” என்று அவன் கேட்டான். ஒருநாள் சாவடியிலும் அப்படியே கேட்டுவிட்டதால் சந்தேகப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. துபாய் வேலைக்குக் காவல்துறைச் சான்று வேண்டும், கெடு வெள்ளிக்கிழமை.

எதையும் சரிபார்க்காமல் சொல்வது என் வழக்கமில்லை. ஹெல்மெட் இல்லாமல், முகப்பு விளக்கு உடைந்த என் மொபெட்டில் நான்கு முறை சாவடியைக் கடந்தேன். “வெயில்ல ஏன் சார் சுத்திக்கினு கீறீங்க? வூட்டுக்குப் போங்க” என்றார் காவலர் கார்த்திக். பிறகு ஜமீரின் ஹெல்மெட்டை மாட்டி, 786 ஒட்டிய அவன் ஸ்கூட்டரில் போனேன். “டேய், ஓரங்கட்டுடா!” என்று ஒரு குரல். எழுபத்தொரு வயதில் முதல் ‘டா’. ஹெல்மெட்டைக் கழற்றியதும், “ஐயய்யோ, சார் நீங்களா!” என்று நாற்காலி போட்டார்கள். தண்ணீரும் கொடுத்தார்கள். ஜமீருக்கு நாற்காலி உண்டா என்று கேட்க நினைத்தேன்; தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தங்கள் இல்லத்தார் அனைவரும் தடையின்றிப் போய்வர வேண்டுகிறேன்.

பணிவுடன்,
வீராசாமி, உத்திரமேரூர் வட்டம்.

பின்குறிப்பு: தைரியம் வரவழைத்துக்கொண்டு, ஜமீரின் பெயரை நீக்கச் சொல்ல இன்று சாவடிக்குப் போனேன். கார்த்திக் ஒரு வரைபடத்தைக் காட்டி, “இத வச்சிதான் சார் பாத்துக்கினு கீறோம். யாரோ சூப்பரா போட்டுக் குடுத்துக்கீறாங்க” என்றார். வடக்குக் குறி, அளவு, எல்லாம் சரி. பள்ளிவாசல் தெருவைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ‘சந்தேகப் பகுதி’. மனுவோடு நானே வரைந்து இணைத்தது. திருடன் எந்தப் பக்கம் போனான் என்று நானும் பார்க்கவில்லை, தாயாரம்மாளும் பார்க்கவில்லை. அங்கேயே அதை எழுதிக் கொடுத்தேன். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள். மூன்றாவது புள்ளி தவறு. இடம் போதாவிட்டால், மேலே உள்ளதை நீக்கிவிட்டு இதை மட்டும் பிரசுரிக்கவும்.